கரிசல் மண்ணும் வேர்கள் சத்தெடுக்கும் முறையும்

பயிர்கள் மண்ணில் உள்ள சத்தை வெறுமனே உறிஞ்சிக்கொள்வதில்லை. எந்தச் சத்து குறைகிறதோ, அதைப் பெறுவதற்கு ஏற்றபடி வேரின் வளர்ச்சியையும் வேர் சுரக்கும் பொருள்களையும் மாற்றிக்கொள்கின்றன. விருதுநகர் மாவட்டத்தின் பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டார மானாவாரி விவசாயத்துக்கு இந்தத் திறன் மிக முக்கியமானது.

மண்ணின் இயல்பு

கரிசல் மண் காரத்தன்மையும் சுண்ணாம்பும் மிகுந்தது. பல இடங்களில் சுக்கான் கற்களும் கலந்திருக்கும். இத்தகைய மண்ணில் இரும்பு ஏராளமாக இருந்தாலும் கரையாத நிலையிலேயே இருக்கும். மணிச்சத்தும் சுண்ணாம்போடு சேர்ந்து இறுகிவிடும். இரும்பு கிடைக்காதபோது உளுந்து, நிலக்கடலை ஆகியவற்றின் இளம் இலைகளில் நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி வெளுத்து மஞ்சளாகும். மண்ணில் இடும் அன்னபேதியும் விரைவில் கரையாத நிலையை அடைந்துவிடுவதால், அதை நீரில் கரைத்து இலைமேல் தெளிப்பது வழக்கம்.

ஆய்வு வரலாறு

கரிசல் பகுதியின் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் 1901இல் தொடங்கப்பட்டது. கோயம்புத்தூரில் நிரந்தர உர ஆய்வு 1909இல் தொடங்கியது. எந்த உரம் எவ்வளவு விளைச்சல் தரும் என்பதை இத்தகைய வயல் ஆய்வுகள் காட்டின. வேர் அதை எப்படி எடுக்கிறது என்பது வேறு கேள்வியாக நின்றது.

1952இல் இமானுவேல் எப்ஸ்டீனும் ஹேகனும் பார்லி வேர்களை ஆராய்ந்து, வேரின் உயிரணுச் சவ்வில் சத்துகளைக் கடத்தும் 'சுமப்பான்கள்' உண்டு என விளக்கினர். 1976இல் ஜப்பானிய அறிஞர் தகாகி, புல்லினப் பயிர்களின் வேர்கள் இரும்பைக் கரைக்கும் பொருளைச் சுரப்பதைக் கண்டறிந்தார். 1986இல் ரோம்ஹெல்டும் மார்ஷ்னரும் இரு வழிகளை வகுத்துக் காட்டினர். நிலக்கடலை, உளுந்து போன்றவை அமிலம் சுரந்து இரும்பைக் கரைக்க முயலும். சுண்ணாம்பு மண்ணில் அந்த அமிலம் வலுவிழந்துவிடும். புல்லினங்கள் இரும்பைப் பற்றிக்கொள்ளும் பொருளைச் சுரந்து எடுக்கும். அவற்றுள்ளும் பார்லி மிகுதியாகச் சுரக்கும். சோளமும் நெல்லும் குறைவாகவே சுரக்கும்.

துவரை தந்த பாடம்

ஐதராபாத் அருகே பட்டஞ்சேருவிலுள்ள இக்ரிசாட் நிறுவனத்தில் நோரிஹாரு ஏ குழுவினர் செய்த ஆய்வு 1990இல் வெளியானது. மணிச்சத்து இடாத செம்மண்ணில் சோளம் தடுமாறிய இடத்திலும் துவரை வளர்ந்தது. துவரை வேர் சுரக்கும் பிசிடிக் அமிலம், இரும்போடு பிணைந்த மணிச்சத்தை விடுவிப்பதே காரணம் என அவர்கள் கண்டனர். ஆனால் கரிசலில் துவரைக்கு அந்தச் சிறப்பு கிடைக்கவில்லை. அங்கே மணிச்சத்து சுண்ணாம்போடு பிணைந்திருக்கிறது. அதை விடுவிக்கக் கொண்டைக்கடலை சுரக்கும் சிட்ரிக் அமிலம் உதவுகிறது.

கரிசலும் செம்மண்ணும் அடுத்தடுத்துக் கிடக்கும் இவ்வட்டாரத்துக்கு இது நேரடியாகப் பொருந்தும். ஒரு நிலத்தில் பலித்த பயிரும் உர அளவும் பக்கத்து நிலத்தில் பலிக்கும் என்பது உறுதியில்லை. மண்ணைச் சோதித்து, அம்மண்ணில் சத்தை விடுவிக்கும் வேருடைய பயிரைத் தேர்ந்தால், வாங்கிய உரம் மண்ணில் முடங்குவதும் குறையும்.