சில்லுகளின் கதை – 21: விடுபட்ட ஐந்து கட்டங்கள்

41,95,835-ஐ 31,45,727-ஆல் வகுத்துப் பாருங்கள். கையிலிருக்கும் செல்போனே போதும், 1.33382 என்று தொடங்கும் விடை வரும். 1994-இல் பென்டியம் செயலி பொருத்திய கம்ப்யூட்டரில் இதே கணக்கைப் போட்டவர்களுக்கு 1.33373 என்று வந்தது. நான்காவது தசம இடத்திலேயே பிழை. வந்த ஈவை மறுபடியும் 31,45,727-ஆல் பெருக்கி, முதல் எண்ணிலிருந்து கழித்தால் பூஜ்யம் வர வேண்டும். பென்டியம் 256 என்றது.

சென்ற வாரம் பென்டியம் பிறந்த கதையைப் பார்த்தோம். 1993 மார்ச்சில் சந்தைக்கு வந்த அந்தச் சில்லில் 31 லட்சம் டிரான்சிஸ்டர்கள். அவ்வளவு நுட்பமான ஒன்றைச் சோதிக்காமலா விற்றிருப்பார்கள்? கடுமையாகவே சோதித்தார்கள். அப்படியும் ஒரு வகுத்தல் பிழை தப்பி வெளியே வந்தது எப்படி என்பதுதான் இந்த வாரம். செயலிகளைச் சோதிக்கும் முறையையே மாற்றிப்போட்ட நிகழ்ச்சி என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

செயலியில் குறை இரண்டு விதமாக வரும். வரைபடம் சரியாக இருந்து தயாரிப்பில் கோளாறு ஏற்படுவது ஒன்று. சிலிக்கான் வட்டில் ஒரு தூசி விழுந்தாலும் போதும், மின்தடம் அறுந்துவிடும், அல்லது பக்கத்துத் தடத்தோடு ஒட்டிக்கொள்ளும். வரைபடமே தவறாக இருப்பது இன்னொன்று. முதல் வகையில் சில சில்லுகள் கெடும். இரண்டாவதில் ஒன்றுவிடாமல் எல்லாச் சில்லும் ஒரே மாதிரி தவறு செய்யும்.

முதல் வகைக் குறையைப் பிடிப்பதில் இந்தத் தொழில் நன்றாகவே தேறியிருந்தது. வட்டைத் துண்டு போடுவதற்கு முன்பே ஒவ்வொரு சில்லின் மேலும் மெல்லிய ஊசிமுனைகளை வைத்து மின்குறிப்புகளைச் செலுத்திப் பார்ப்பார்கள். தேறாததை ஒதுக்கிவிடுவார்கள். உறைக்குள் அடைத்த பிறகு மறுபடியும் சோதனை. அதிக வெப்பத்திலும் அதிக மின்னழுத்தத்திலும் ஓடவிட்டு, சீக்கிரம் பழுதாகக்கூடியவற்றைத் தொழிற்சாலையிலேயே பழுதாகவிடுவதும் உண்டு. எந்தக் குறிப்பைக் கொடுத்தால் எந்தப் பழுது வெளியே தெரியும் என்று கணக்கிட, ஐ.பி.எம்.மின் ஜே. பால் ராத் 1966-இலேயே ஒரு வழிமுறையை வகுத்துவிட்டார். சில்லின் ஆழத்தில் கிடக்கும் நினைவுச் சுற்றுகளை வெளியிலிருந்து எட்டுவது எப்படி என்ற சிக்கலுக்கும் ஐ.பி.எம்.மிலிருந்தே விடை வந்தது. சோதனையின்போது மட்டும் அவற்றையெல்லாம் ஒரே சங்கிலியாகக் கோத்து, ஒரு முனையில் தரவை நுழைத்து மறுமுனையில் வாங்கிப் பார்க்கும் ஏற்பாட்டை ஐக்கெல்பெர்கரும் வில்லியம்ஸும் 1977-இல் விவரித்தார்கள். இன்றைய சில்லுகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அந்தச் சங்கிலி இருக்கிறது.

சில சில்லுகளில் மட்டும் குறை இருந்தால் பொறுக்கிப் பிரித்துவிடலாம். 1987-இல் இன்டெல் அதைத்தான் செய்தது. 80386 செயலிகள் சிலவற்றில் 32 பிட் பெருக்கல் தவறியது. சோதனையில் தேறியவற்றின் மேல் இரண்டு சிக்மா எழுத்துகளைப் பொறித்தார்கள். தேறாதவற்றில், 16 பிட் மென்பொருளுக்கு மட்டும் என்று அச்சிட்டார்கள்.

பென்டியத்தின் பிழைக்கு அந்த வழி இல்லை. தொழிற்சாலையில் சோதனை இயந்திரம் சில்லை வரைபடத்தோடுதான் ஒப்பிடுகிறது. வரைபடமே தவறாக வகுக்கும் என்றால், தவறாக வகுக்கும் சில்லுதான் தேர்ச்சி பெறும்!

பிழையைப் பிடித்தவர் சில்லுத் தொழிலைச் சேர்ந்தவர் அல்ல. வர்ஜீனியா மாநிலம் லிஞ்ச்பர்க் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்த தாமஸ் நைஸ்லி. அவருடைய ஆர்வம் இரட்டைப் பகா எண்களில் இருந்தது. 11-உம் 13-உம், 17-உம் 19-உம் போல இரண்டு இடைவெளியில் நிற்கும் பகா எண் ஜோடிகள் அவை. அந்த எண்களின் தலைகீழிகளை எல்லாம் கூட்டிக்கொண்டே போனால் கூட்டுத்தொகை ஒரு குறிப்பிட்ட மதிப்பைத் தாண்டாது என்று நார்வேயின் விக்கோ புரூன் 1919-இல் நிறுவியிருந்தார். அந்த மதிப்பு சுமார் 1.902. அதை இன்னும் நுட்பமாகக் கணக்கிட, நைஸ்லி பல கம்ப்யூட்டர்களை ஓயாமல் ஓடவிட்டிருந்தார். 1994 மார்ச்சில் அந்த வரிசையில் ஒரு பென்டியமும் சேர்ந்தது. ஜூன் 13 அன்று கணக்கு இடித்தது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்த நான்கு மாதங்கள். நைஸ்லி முதலில் சந்தேகப்பட்டது செயலியை அல்ல. தன்னுடைய நிரலைச் சரிபார்த்தார். பிறகு நிரலை மொழிமாற்றித் தரும் கம்பைலரை. அதில் உண்மையாகவே வேறொரு பிழை இருந்தது. அது அவரைக் கொஞ்ச காலம் திசைதிருப்பியது. கம்ப்யூட்டரின் மற்ற பாகங்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கட்டினார். வேறு பென்டியம் கம்ப்யூட்டரிலும் போட்டுப் பார்த்தார். அக்டோபர் 19 அன்றுதான் குற்றவாளி செயலி என்று உறுதியானது. 8,24,63,37,02,441 என்ற எண்ணால் 1-ஐ வகுத்தால், முதல் எட்டு இலக்கங்களுக்குப் பிறகு வருவது எல்லாமே தவறு. ஒரு கருவியைக் குறை சொல்லும் முன் தன் வேலையைத் துருவிப் பார்த்த அந்தப் பொறுமைதான் அவருடைய சொல்லுக்குப் பின்னால் வலுவாக நின்றது.

அக்டோபர் 24-ஆம் தேதி இன்டெல்லுக்குத் தெரிவித்தார். 30-ஆம் தேதி, தெரிந்த சிலருக்கு மின்னஞ்சல் எழுதி, உங்கள் கம்ப்யூட்டரிலும் இப்படி வருகிறதா என்று கேட்டார். அந்த மின்னஞ்சல் கைமாறி இணையத்துக்குப் போனது. நார்வேயில் டெர்யே மாதிசன் பிழையை உறுதிசெய்தார். ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் கைசர், தலைகீழி தவறாக வரும் எண்களை வரிசையாகத் தேடி எடுத்தார். கலிபோர்னியாவில் டிம் கோ என்ற சில்லு வடிவமைப்புப் பொறியாளர் செய்தது இன்னும் பெரிய காரியம். இன்டெல்லின் வரைபடத்தைப் பார்க்காமலேயே, வெளியான தவறான விடைகளை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே எப்படி வகுக்கிறார்கள் என்று ஊகித்தார். அந்த மாதிரியிலிருந்து, எந்த ஜோடி எண்களில் பிழை மிகப் பெரிதாக வெடிக்கும் என்றும் கணித்தார். நான் தொடக்கத்தில் சொன்ன இரண்டு எண்களும் அவர் கண்டுபிடித்தவைதான்.

உள்ளே நடந்தது என்ன? நாம் நீள்வகுத்தல் போடும்போது ஒவ்வொரு படியிலும் அடுத்த இலக்கத்தை ஊகிக்கிறோம். ஊகம் மிஞ்சினால் அழித்துவிட்டுக் குறைத்துப் போடுகிறோம். செயலிக்கு அழித்து எழுத நேரமில்லை. ஆகவே எஸ்.ஆர்.டி. என்ற முறையில் ஈவின் இலக்கமாகக் கழித்தல் எண்களையும் அனுமதிக்கிறார்கள். −2, −1, 0, 1, 2 என்று ஐந்தே இலக்கங்கள். ஒரு படியில் ஊகம் கொஞ்சம் கூடினால், அடுத்த படியில் கழித்தல் இலக்கம் போட்டு நேர்செய்துகொள்ளலாம். ஸ்வீனி, ராபர்ட்சன், டோச்சர் என்ற மூவரின் முதலெழுத்துகள்தான் எஸ்.ஆர்.டி. எந்த இலக்கத்தைப் போடுவது என்பதை, மீதியின் முதல் சில பிட்டுகளையும் வகுக்கும் எண்ணின் முதல் சில பிட்டுகளையும் பார்த்து ஓர் அட்டவணை சொல்லும். பென்டியத்தின் அட்டவணையில் 2,048 கட்டங்கள். அவற்றில் 1,066 கட்டங்களில் இலக்கம் நிரப்பியிருக்க வேண்டும். கணக்கிட்டு வைத்த அட்டவணையைச் சில்லின் வடிவத்துக்கு ஏற்றும் சிறு நிரலில் நேர்ந்த தவறால் ஐந்து கட்டங்கள் விடுபட்டுப்போயின என்று இன்டெல் பின்னர் அறிக்கை வெளியிட்டது. 2 இருக்க வேண்டிய அந்த இடங்களில் 0 இருந்தது. வாய்ப்பாட்டில் ஐந்து வரிகளை மனப்பாடம் செய்யாமல் பரீட்சைக்குப் போன மாணவனைப் போலத்தான். அந்த வரிகள் கேள்வியில் வராதவரை நூற்றுக்கு நூறு.

அவை கேள்வியில் வருவது மிக அபூர்வம். வகுக்கும் எண்ணின் தொடக்க பிட்டுகள் குறிப்பிட்ட ஐந்து வடிவங்களில் ஒன்றாக இருந்து, அதைத் தொடர்ந்து ஆறு ஒன்றுகளாவது வரிசையாக வந்தால்தான் கணக்கு அந்தக் கட்டங்களின் பக்கமே போகும். குத்துமதிப்பாக எடுத்த எண்களில் 900 கோடி வகுத்தலுக்கு ஒருமுறைதான் பிழை வரும் என்றது இன்டெல். லட்சக்கணக்கில் மாதிரிக் கணக்குகளைப் போட்டுப் பார்த்தும் அது அகப்படாததில் வியப்பில்லை.

கணக்குப் பிழையைவிடப் பெரிய பிழை அதன் பிறகு நடந்தது. நைஸ்லி சொல்வதற்கு முன்பே, 1994 கோடையில், இன்டெல்லின் சொந்தப் பொறியாளர்கள் குறையைக் கண்டுபிடித்துவிட்டிருந்தார்கள். திருத்திய சில்லுக்கான வேலையும் தொடங்கியிருந்தது. ஆனால் வாங்கியவர்களுக்குச் சொல்லவில்லை. பழைய சில்லின் விற்பனையும் நிற்கவில்லை. நவம்பரில் செய்தி பத்திரிகைகளுக்கும் சி.என்.என். தொலைக்காட்சிக்கும் போனபோது, விரிதாள் மென்பொருள் பயன்படுத்தும் சராசரி மனிதர் 27,000 ஆண்டுக்கு ஒருமுறைதான் இந்தப் பிழையைச் சந்திப்பார் என்று இன்டெல் சமாதானம் சொன்னது. கடினமான கணக்குகள் போடுகிறேன் என்று விளக்கம் தருபவருக்கு மட்டும் மாற்றித் தருவோம் என்றது. என் பார்வையில் இதுதான் உண்மையான குற்றம். என் கணக்கில் எந்தப் பிழை பொருட்படுத்தத் தக்கது என்பதை, கருவியை விற்றவர் எனக்காக முடிவு செய்துவிட முடியாது. அதுவும் 1991 முதல் ‘இன்டெல் இன்சைட்’ என்று ஊரெல்லாம் விளம்பரம் செய்து, செயலியின் பெயரைச் சாதாரண மனிதருக்கும் பழக்கியது அந்த நிறுவனமேதான்.

டிசம்பர் 12 அன்று, பென்டியம் பொருத்திய கம்ப்யூட்டர்களை அனுப்புவதை ஐ.பி.எம். நிறுத்தியது. மும்முரமாகக் கணக்கு போடுபவருக்கு 24 நாளுக்கு ஒருமுறை பிழை வரலாம் என்பது அவர்கள் கணிப்பு. ஐ.பி.எம். போட்டியாளர் செயலி ஒன்றையும் தயாரித்துக்கொண்டிருந்தது என்பதையும் மறக்க வேண்டாம். டிசம்பர் 20 அன்று இன்டெல் இறங்கிவந்தது. கேட்பவர் எல்லோருக்கும், கேள்வி எதுவும் இல்லாமல், புதிய சில்லு. 1995 ஜனவரியில் இதற்காகக் கணக்கில் எழுதிய தொகை 47.5 கோடி டாலர். அப்போதைய தலைமை அதிகாரி ஆண்ட்ரூ குரோவ் 1996-இல் எழுதிய புகழ்பெற்ற புத்தகம் இந்த விவகாரத்தில்தான் தொடங்குகிறது.

இனி இப்படி நடக்காமல் இருக்க என்ன வழி? இன்னும் அதிகமாகச் சோதிப்பது விடையல்ல. இரண்டு 64 பிட் எண்கள் என்றால், சாத்தியமான ஜோடிகளின் எண்ணிக்கையே 39 இலக்க எண். நொடிக்கு 100 கோடி வகுத்தல் என்று ஓடவிட்டாலும், எல்லாவற்றையும் முடிக்க ஒன்றுக்குப் பின் 22 சுழிகள் போட்ட அளவு ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுதான். மீதமிருப்பது ஒரே வழி. முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 பாகை என்று, உலகிலுள்ள முக்கோணங்களை எல்லாம் அளந்து பார்த்தா சொல்கிறோம்? நிறுவுகிறோம். சுற்றையும் அப்படியே நிறுவ வேண்டும்.

அதற்கான கணிதம் பல்கலைக்கழகங்களில் ஏற்கெனவே முளைத்திருந்தது. கிளார்க், எமர்சன், சிஃபாகிஸ் ஆகியோர் 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கிய சரிபார்ப்பு முறைக்கு 2007-இல் டூரிங் விருது கிடைத்தது. 1986-இல் கார்னகி மெலனின் ராண்டல் பிரையன்ட், தர்க்கச் சுற்றுகளைச் சுருக்கமான வரைபடங்களாக மாற்றிக் கையாளும் வழியைக் காட்டினார். ஆனால் கம்பெனிகள் இவற்றை எட்ட நின்றே பார்த்தன. பென்டியம் விவகாரம் அந்தத் தயக்கத்தை உடைத்தது. அட்டவணையில் இப்படிப்பட்ட ஓட்டை இருந்தால் தன் முறை பிடித்துவிடும் என்று பிரையன்ட் 1996-இல் காட்டினார். போட்டி நிறுவனமான ஏ.எம்.டி., தன் கே5 செயலி சரியாக வகுக்கிறதா என்பதைக் கணித முறையில் நிறுவித்தரும்படி ஜே. ஸ்ட்ரோதர் மூரை நாடியது. மூர், மேட் காஃப்மன், டாம் லின்ச் மூவரும் ஏ.சி.எல்.2 என்ற நிறுவல் மென்பொருளின் துணையோடு அதை முடித்தார்கள். இன்டெல்லும் ஜான் ஹாரிசன் போன்ற நிறுவல் நிபுணர்களை வேலைக்கு எடுத்துக்கொண்டது.

பலன் பென்டியம் 4-இல் தெரிந்தது. 4.2 கோடி டிரான்சிஸ்டர் கொண்ட அந்தச் செயலியின் சரிபார்ப்பைப் பற்றி இன்டெல்லின் பாப் பென்ட்லி 2001-இல் வெளியிட்ட கட்டுரையை, இந்தத் துறையின் மிக நேர்மையான ஆவணங்களில் ஒன்றாக நான் மதிக்கிறேன். சிலிக்கானுக்குப் போகும் முன்பே கண்டுபிடித்த வடிவமைப்புப் பிழைகள் 7,855 என்று எண்ணிக்கையோடு எழுதியிருக்கிறார். அவற்றில் நூற்றுக்கும் மேற்பட்டவை நிறுவல் முறையில் சிக்கியவை. சுமார் 20 பிழைகள் வேறெந்தச் சோதனையிலும் அகப்பட்டிருக்காது என்பது அவர் கணிப்பு. அந்த இருபதில் ஒன்று மிதவைப்புள்ளிக் கூட்டலில் இருந்தது, இன்னொன்று பெருக்கலில். தப்பியிருந்தால் 1994 திரும்பியிருக்கும். பின்னர் கோர் ஐ7 செயலியின் கணக்கிடும் பகுதியில், மாதிரிச் சோதனைகளின் இடத்தை நிறுவலே பெரும்பாலும் எடுத்துக்கொண்டது.

வரைபடப் பிழைக்கு இப்படி ஒரு மருந்து கிடைத்த பிறகு, பழைய முதல் வகைக் குறை புது வடிவத்தில் தலைகாட்டியிருக்கிறது. தொழிற்சாலைச் சோதனை எல்லாவற்றிலும் தேறி, வேலைக்கு வந்த பிறகு, குறிப்பிட்ட சில கணக்குகளில் மட்டும் சத்தமில்லாமல் தவறும் செயலிகள். பல்லாயிரம் கம்ப்யூட்டர்களை ஓடவிட்டால் அவற்றில் இப்படிச் சில கருக்கள் (செயலிக்குள் தனித்தனியாக இயங்கும் கணக்குப் பகுதிகள்) தென்படுகின்றன என்று கூகுள் ஆய்வாளர்கள் 2021-இல் எழுதினார்கள். அதே ஆண்டில் ஃபேஸ்புக் ஒரு நேரடி உதாரணம் கொடுத்தது. சுருக்கி வைத்த கோப்புகளை விரிக்கும்போது சில கோப்புகள் காணாமல் போயின. தேடிக்கொண்டே போனால், ஒரே ஒரு கம்ப்யூட்டரில், 59-ஆம் எண் கருவில் போய் நின்றது. 1.1-ஐ 53 முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி முழு எண்ணாக்கினால் 156 வர வேண்டும். அந்தக் கரு 0 என்றது. 52 முறை என்றால் 142 என்று சரியாகச் சொன்னது. வேலைக்கு வந்துவிட்ட கம்ப்யூட்டர்களில் இப்படிப்பட்ட கருக்களைத் தேடிப் பிடிக்க ஃபேஸ்புக் உருவாக்கிய ஃப்ளீட்ஸ்கேனர், ரிப்பிள் என்ற இரண்டு முறைகளையும் அடுத்த வாரம் பார்ப்போம்.