புதுவைக் கொம்யூன்களும் குடித்தொகையும்

புதுச்சேரியின் குடித்தொகை யாது என வினவுவார்க்கு ஒரே விடை கூறல் இயலாது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி புதுச்சேரி நகராட்சியில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 2.4 இலட்சம்; புதுச்சேரி மாவட்டத்தில் 9,50,289; காரைக்கால், மாகே, ஏனாம் ஆகியவற்றையும் கூட்டிய ஒன்றிய ஆட்சிப்பகுதியில் 12,47,953. மூன்றற்கும் பெயர் புதுச்சேரியே. நகரின் எண்ணை நாட்டுக்கும் நாட்டின் எண்ணை நகருக்கும் ஏற்றி உரைக்கும் மயக்கம் ஆய்வாளரிடையும் உண்டு. எல்லையை ஆராயாது எண்ணை மட்டும் எடுத்தாளுதலே இதற்குக் காரணம் எனக் கருதுகின்றோம்.

இவ்வெல்லைகளின் அடிப்படை கொம்யூன் என்னும் பிரெஞ்சு அமைப்பாகும். 1880 மார்ச்சு 12-ஆம் நாள் ஆணையால் புதுச்சேரிப் பகுதி புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர் என நான்கு கொம்யூன்களாயிற்று. 1907-இல் அரியாங்குப்பம், முதலியார்பேட்டை, திருபுவனை, நெட்டப்பாக்கம் என்பன தனித்தனியே அமைய, நான்கு எட்டாயின. பிரிவு பிரெஞ்சியர் செய்தது. ஊர்களோ அவர்கட்கு நெடுங்காலம் முற்பட்டவை.

பாகூரை நோக்குக. பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்து, கி. பி. 9-ஆம் நூற்றாண்டுச் செப்பேடு, அவ்வூர் வித்தியாத்தானத்துக்குச் சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்னும் மூன்று ஊர்கள் அளிக்கப்பட்டமையைக் கூறுகின்றது. திருபுவனையோ சோழர் காலத்தில் திரிபுவனமாதேவிச் சதுர்வேதிமங்கலம். முதலாம் இராசாதிராசன் காலத்தில், 1048-இல் பொறித்த கல்வெட்டால், மாணாக்கர் 260 பேரும் ஆசிரியர் 12 பேரும் அமைந்த கல்லூரி ஒன்று ஆங்கு இயங்கியமை புலனாகும். அரியாங்குப்பத்தை அடுத்த அரிக்கமேடு இவற்றினும் தொன்மை வாய்ந்தது. 1945-இல் வீலர் நிகழ்த்திய அகழாய்வு அதன் உரோமானிய வாணிகத் தொடர்பை உலகறியச் செய்தது. எனவே, நகரை நடுவாகவும் ஏனைய ஊர்களை அதன் புறச்சேரிகளாகவும் கொண்டு எழுதுவது வரலாற்றைத் தலைகீழாக்குவதாகும்.

ஊர்ப்பெயரீறுகளும் இதற்குத் துணைநிற்கும். உள்நாட்டில் பாக்கமும் பட்டும் ஊரும் மிகுதி, கடலோரத்தே குப்பம், நகரை ஒட்டியே முத்தியால்பேட்டை, முதலியார்பேட்டை முதலிய பேட்டைகள். இலாசுப்பேட்டை, பிரெஞ்சு ஆளுநர் இலாவின் பெயரால் அமைந்தது என்பர். உழவும் மீன்பிடியும் முந்தியவை. நெசவும் வாணிகமும் துறைமுகம் வளர்ந்தபின் நெருங்கியவை.

நகரின் வளர்ச்சி 1674-இல் பிரெஞ்சியர் குடியேறியபின் தொடங்கிற்று. 1693-இல் ஒல்லாந்தர் கைப்பற்றி 1699-இல் மீட்டளித்தனர். 1761-இல் ஆங்கிலேயர் அதனைத் தகர்த்தனர். வில்லியனூர், பாகூர்ப் பகுதிகள் 1749-இல் சந்தா சாகிபின் கொடையால் பிரெஞ்சியர்க்குக் கிட்டின. இங்ஙனம் துண்டு துண்டாகச் சேர்ந்தமையால் ஆங்கிலேயரின் ஊர்கள் இடையிடையே நின்றன. வரைபடத்தில் இன்றும் இப்பகுதி தென்னார்க்காட்டு நிலத்தில் தெளித்த துளிகள் போலவே தோன்றும்.

கொம்யூன் வரிக்கும் கணக்குக்கும் மட்டும் பயன்பட்டது எனல் பொருந்தாது. 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் வாக்களித்த 178 பேர் பிரதிநிதி சபையினரும் நகரசபை உறுப்பினருமே ஆவர். 170 பேர் இந்தியாவோடு இணைதலை ஏற்றனர். 8 பேர் மறுத்தனர். நாட்டின் தலைவிதி கொம்யூன் தேர்தலில் வென்றோர் கையில் இருந்தது.

1973-ஆம் ஆண்டுச் சட்டங்களுக்குப் பின் இவ்வமைப்பு மாறிற்று. முதலியார்பேட்டை புதுச்சேரியோடு சேர்ந்தது. திருபுவனையின் இடத்தை மண்ணாடிப்பட்டு பெற்றது. உழவர்கரை 1994-இல் நகராட்சியாயிற்று. இன்று நகராட்சி இரண்டு, கொம்யூன் பஞ்சாயத்து ஐந்து. ஆகவே பழைய கணக்கில் உள்ள புதுச்சேரிக் கொம்யூனை இன்றைய நகராட்சியோடு ஒப்பிடுவோர் முதலியார்பேட்டையை முதலில் கூட்டிக்கொள்ளல் வேண்டும்.

2001-இல் இரு நகராட்சிகளும் ஏறத்தாழச் சமமாய், ஒவ்வொன்றும் 2.2 இலட்சம் அளவில் இருந்தன. பத்தாண்டில் உழவர்கரை 3 இலட்சத்தை எட்டிப் புதுச்சேரியை விஞ்சிற்று. கடலும் பழைய தெருக்களும் நெருக்க, மக்கள் மேற்கிலும் வடக்கிலும் ரெட்டியார்பாளையம், தட்டாஞ்சாவடி, இலாசுப்பேட்டை நோக்கிப் பெயர்ந்தனர். அவர்களுள் தம் ஊரைப் புதுச்சேரி என்று கூறாதார் அரியர். கணக்கோ அவர்களை உழவர்கரையில் வைத்தே எண்ணுகின்றது.