பெயர் வினையாவதில் குற்றமென்ன?

வணிக நிறுவனங்களின் ஆங்கிலத்தைப் பழிப்போர் முதலில் சுட்டும் குற்றம், பெயர்ச்சொற்களை வலிந்து வினைச்சொற்களாக்குகிறார்கள் என்பதே. இப்போக்கு மின்னஞ்சல் காலத்தில் தோன்றிய நோய் என்றே நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால் இக்குற்றச்சாட்டின் வயது இருநூறு ஆண்டுகளுக்கும் மேல்.

1789 டிசம்பர் 26 அன்று பெஞ்சமின் பிராங்க்ளின், அகராதிப் பணியால் பின்னாளில் பெரும்புகழ் பெற்ற நோவா வெப்ஸ்டருக்குக் கடிதம் ஒன்று எழுதினார். அப்போது அவருக்கு அகவை 83. தாம் பிரான்சில் இருந்த காலத்தில் அமெரிக்க மன்ற மொழியில் புதுச்சொற்கள் நுழைந்துவிட்டன என்பது அவர் மனக்குறை. 'நோட்டீஸ்', 'அட்வகேட்', 'ப்ராக்ரஸ்' ஆகிய பெயர்கள் வினைகளாக வழங்குவதைச் சுட்டிய அவர், மூன்றனுள்ளும் இறுதியதே மிக அருவருப்பானது என்றார். தம் கருத்தோடு உடன்பட்டால், வெப்ஸ்டர் தம் செல்வாக்கைக் கொண்டு இவற்றைக் கண்டிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். அடுத்த ஏப்ரலில் பிராங்க்ளின் மறைந்தார். 1828இல் வெளிவந்த வெப்ஸ்டரின் பேரகராதியிலோ அம்மூன்றும் வினைகளாகவே இடம்பெற்றன! இன்று அவற்றைக் கேட்டு முகஞ்சுளிப்பார் எவருமில்லை.

தமிழ் பயின்ற நமக்கு இது வியப்பளிக்க வேண்டியதில்லை. பூ பூக்கிறது, காய் காய்க்கிறது, முளை முளைக்கிறது. ஒரே சொல் பெயராகவும் வினையாகவும் நிற்பது நம் மொழியின் இயல்பு. வடமொழியிலிருந்து வந்த தியானத்தையும் உபதேசத்தையும் தியானி, உபதேசி என வினையாக்கிக்கொண்டோம். ஆகவே பெயர் வினையாவதை மட்டும் வைத்து ஒரு சொல்லை அழகற்றது எனத் தள்ளுவது முறையன்று.

அப்படியாயின் வணிக மொழி நம் செவியை உறுத்துவது ஏன்?

'டவுன்சைஸ்' என்ற வினையைப் பார்ப்போம். அளவைக் குறிக்கும் 'சைஸ்' என்ற சொல்லைக் கொண்டு அமைந்த இது, 1970களில் அமெரிக்க மோட்டார் வாகனத் தொழிலில் பரவியது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப்பின் பெரிய கார்களைச் சிறிதாக்கிச் செய்வதற்கு அதுவே பெயர். அங்கே அது நேர்மையான சொல். கார் உண்மையிலேயே சிறியதாயிற்று. 1980களில் அதே சொல் ஊழியர்களை வேலையை விட்டு நீக்குவதற்கு ஆகிவந்தது. காரின் இடத்தில் மனிதர் வந்தனர்; சொல்லில் மட்டும் மனிதர் வரவில்லை. வேலை இழந்தவர் யார், இழக்கச் செய்தவர் யார் என்ற இரண்டையும் அது விழுங்கிவிட்டது. நம் 'ஆட்குறைப்பு' கடுமையான சொல்தான். எனினும் அதனுள் ஓர் ஆள் இருக்கிறார்.

ஒரு தொழில் நிகழ்வதற்கான முதனிலைகள் எட்டு என வகுத்தது தொல்காப்பியம். செய்பவரும், செயப்படுபொருளும், இன்னார்க்கு என்பதும், இது பயன் என்பதும் அவ்வெட்டனுள் அடங்கும். எந்தப் புதுவினையையும் நாம் நிறுத்துப் பார்ப்பதற்கு இதைவிடச் சிறந்த துலாக்கோல் வேறில்லை. பெயரிலிருந்து பிறந்ததா என்று கேட்பதை விடுத்து, செய்தவர் யார், யாருக்குச் செய்தார் என்று கேட்போம். விடை சொல்லும் சொல் எங்கிருந்து வந்தாலும் வரட்டும். விடையை மறைக்கும் சொல், செந்தமிழிலேயே புனையப்பட்டிருந்தாலும் அழகற்றதே.