பூச்சிகளின் அண்மை ஒளிப்படம்

பூச்சியை ஏறத்தாழ அதன் உண்மை அளவிலோ அதைவிடப் பெரிதாகவோ படச்சுருளில் அல்லது உணரியில் பதிவு செய்வது மேக்ரோ ஒளிப்படம் எனப்படுகிறது.

சென்னை மாகாண அரசின் பூச்சியியலாளராக இருந்த டி. பெயின்பிரிட்ஜ் பிளெட்சர் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி எழுதிய பெருநூல் 1914-இல் சென்னையில் அச்சானது. அதில் உள்ள பூச்சிப் படங்கள் பெரும்பாலும் கையால் வரையப்பட்டவை. கேமரா அப்போது புதுப்பொருள் அல்ல. சிக்கல் வெளிச்சத்தில் இருந்தது. 1:1 அளவுக்கு நெருங்கும்போது படச்சுருளை அடையும் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. லென்சின் துளையை எஃப்/16 வரை சுருக்கினாலும் சுமார் 2 மில்லிமீட்டர் ஆழமே தெளிவாக விழும். துளையைச் சுருக்கச் சுருக்க ஒளி இன்னும் குறையும், திறப்பு நேரம் நீளும். உயிருள்ள பூச்சி அதுவரை அசையாமல் இருக்குமா? ஓவியருக்கு இந்தத் தொல்லை இல்லை.

இதைத் தீர்த்த கருவிகள் பூச்சிகளுக்காகப் பிறந்தவை அல்ல என்பதுதான் வேடிக்கை. 1931-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹெரால்டு எட்ஜர்டன் மின்னணு பிளாஷை உருவாக்கியது, சுழலும் மோட்டார்களை ஆராய்வதற்காக. லென்சைச் சுற்றிப் பொருத்தும் வளைய பிளாஷ் 1950-களில் பல் மருத்துவர்களுக்காக வந்தது. நிக்கான் நிறுவனத்தின் மைக்ரோ நிக்கோர் லென்ஸ் 1956-இல் வெளியானபோது அதன் வேலை, நெருக்கமான கோடுகள் கொண்ட ஜப்பானிய எழுத்துகளை நுண்படச்சுருளில் பதிப்பது. பிளாஷின் ஒளி நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே நீடிப்பதால், துளையை நன்றாகச் சுருக்கியும் அசையும் பூச்சியை உறையவைக்க முடிந்தது.

இதன் பயன் அழகோடு முடியவில்லை. 2018-இல் கர்நாடகத்தில் முதலில் கண்டறியப்பட்ட அமெரிக்கப் படைப்புழு அதே ஆண்டில் தமிழ்நாட்டு மக்காச்சோளத்தையும் தாக்கியது. தலையில் தலைகீழ் ‘ஒய்’ வடிவக் கோடு, வயிற்றின் எட்டாம் கண்டத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள்: மற்றப் புழுக்களிலிருந்து அதைப் பிரித்தறிய இவையே அடையாளம். மூன்றாம் பருவப் புழு ஒரு சென்டிமீட்டர்கூட இருப்பதில்லை. பழனியை அடுத்த நெய்க்காரப்பட்டி போன்ற ஊர்களில் மக்காச்சோளக் குருத்தைப் பிரித்துப் பார்க்கும் விவசாயிக்கு, அந்தப் புள்ளிகள் தெளிவாக விழுந்த ஒரு படம் இருந்தால் எந்தப் புழு என்பதை அன்றே கேட்டறியலாம். பளபளக்கும் புழுவின் மேல் பிளாஷ் நேராக அடித்தால் புள்ளிகள் வெளுத்துவிடும். வெள்ளைத்தாள் ஒன்றை பிளாஷின் முன் பிடித்து, ஒளியைப் பரவவிட்டு எடுக்க வேண்டும்.