அது தானாத்தான் வந்துச்சு

"நான் ஒண்ணும் பண்ணல, அது தானா வந்துச்சு."

2005-க்கும் 2012-க்கும் இடையில் வீட்டில் கொம்பியூட்டர் இருந்த பிள்ளைகளில் இந்த வசனத்தைச் சொல்லாதவங்க குறைவு. பாட்டு டவுன்லோட் பண்ணப் போயிருப்பாங்க, இல்லாட்டி கடந்தகால வினாத்தாள் தேடியிருப்பாங்க. திடீர்னு ஒரு ஆபாசப் படத்தோட இன்னொரு ஜன்னல் திறக்கும். அதை மூடினா இரண்டு திறக்கும். சரியா அந்த நேரம் பார்த்து அப்பாவோ மாமாவோ பின்னால வந்து நிற்பார். பிள்ளை சொல்றதை யாரும் நம்ப மாட்டாங்க.

மலையகத் தோட்டங்களில் அந்த நம்பாமைக்கு விலை அதிகம். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2004-ல் எடுத்த கணக்கின்படி, நாட்டில் 100 வீடுகளுக்கு 4 வீட்டில்கூட கொம்பியூட்டர் இல்லை. தோட்டப்புறத்தில் 100-க்கு ஒன்றுகூட இல்லை. 2009-ல் நாட்டுக் கணக்கு 11-ஐத் தாண்டியபோதும் நகரம், கிராமம், தோட்டம் என்ற வரிசையில் தோட்டம்தான் கடைசியில் நின்றது. அப்படியான இடத்தில் ஒரு வீட்டுக்கு கொம்பியூட்டர் வருதுன்னா அதுக்குப் பின்னால ஒரு சேமலாப நிதிக் காசோ, கொழும்புக் கடையில் வேலை செய்யும் அண்ணனின் சம்பளமோ, வளைகுடாவில் இருக்கும் அம்மாவின் உழைப்போ இருக்கும். பல வீடுகளுக்கு வந்தது செகண்ட் ஹேண்ட் மெஷின்தான். லயத்தில் அதுக்குத் தனி அறை ஏது? முன் காம்பராவில், எல்லாரும் போய்வரும் வழியில்தான் வைப்பாங்க. திரையில் வருவது வீட்டுக்கே தெரியும், பக்கத்துக் காம்பராவுக்கும் தெரியும்.

அந்தத் திரையில் அப்படி ஒரு படம் வந்தா பையனுக்கு அடி விழும். பெண் பிள்ளைன்னா பல வீடுகளில் கொம்பியூட்டரே நிறுத்தப்படும். "இதுக்குத்தான் வாங்கிக் குடுத்தோமா?" என்ற ஒரு கேள்வியோட கணினி வகுப்பும் நின்றுபோகும். சிலர் தேடிப் போயும் பார்த்திருப்பாங்க, அது வேற கதை. இந்தக் கட்டுரை உண்மையைச் சொல்லியும் நம்பப்படாதவங்களுக்காக. அது தானாத்தான் வந்துச்சு. எப்படி வந்துச்சு, யாருக்காக வந்துச்சு என்பதற்கு ஒரு வரலாறு இருக்கு.

ஜன்னல் பிறந்த கதை

1990-களின் நடுவில் அமெரிக்காவில் ட்ரைபொட் என்றொரு தளம் இருந்தது. யாரும் இலவசமா தங்களுக்கென்று ஒரு இணையப் பக்கம் செய்துகொள்ளலாம், செலவுக்கு விளம்பரம். ஒருநாள் ஒரு கார் கம்பெனியின் விளம்பரம் பாலியல் விஷயம் உள்ள ஒரு பக்கத்தில் போய் உட்கார்ந்தது. கம்பெனி கொதித்தது. அங்கே வேலை செய்த ஈதன் ஸக்கர்மன் ஒரு வழி கண்டுபிடித்தார்: விளம்பரத்தைப் பக்கத்துக்குள் வைக்காமல் தனி ஜன்னலில் திறக்கிற மாதிரி நிரல் எழுதினார். பொப்-அப் பிறந்தது இப்படித்தான். 2014-ல் அவரே ஒரு கட்டுரையில் இதற்காக உலகத்திடம் மன்னிப்புக் கேட்டார்.

ஆபாசப் பக்கத்திலிருந்து விளம்பரத்தைத் தள்ளிவைக்கச் செய்த ஏற்பாடுதான் பிறகு ஆபாசப் பக்கங்களை வீட்டுக்கு வீடு தள்ளிக்கொண்டு வந்தது.

அடுத்த கட்டம் இன்னும் மோசம். விளம்பரம் இணையப் பக்கத்திலிருந்து வருவதை விட்டுட்டு, நம்ம மெஷினுக்குள்ளேயே குடியேற ஆரம்பித்தது. கேட்டர் என்றொரு மென்பொருள்: பாஸ்வேர்டுகளை ஞாபகம் வைத்துத் தரும் என்று சொல்லி உள்ளே வரும். வந்த பிறகு நாம எந்தப் பக்கத்துக்குப் போறோம்னு பார்த்து அதுக்கேற்ற பொப்-அப்பைத் திறக்கும். அந்தக் கம்பெனி கிளாரியா என்று பெயர் மாற்றி, 2004-ல் பங்குச் சந்தைக்கு வரவே விண்ணப்பம் போட்டது. 2003-ல் அதன் வருமானம் ஏறத்தாழ 9 கோடி டாலர். பொன்சி பட்டி என்ற ஊதா நிறக் குரங்கு திரையில் பாட்டுப் பாடும், ஜோக் சொல்லும். சிறுபிள்ளைகளின் விபரங்களைப் பெற்றோர் அனுமதியில்லாமல் சேர்த்ததற்காக 2004-ல் அதன் கம்பெனி அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 75,000 டாலர் தண்டம் கட்டியது. ஸங்கோ என்ற இன்னொரு கம்பெனி 2006-ல் 30 லட்சம் டாலர் கட்டித் தீர்த்துக்கொண்டது.

இந்தத் தொழிலின் கணக்கு எளிது. ஒரு மெஷினில் மென்பொருளை ஏற்றிவிட்டால் ஏற்றினவருக்கு இவ்வளவு சதம் என்று தரகு. இலவச ஸ்கிரீன்சேவர், பாட்டு இறக்கும் செயலி, கேம் எல்லாவற்றிலும் இதைச் சேர்த்துக் கட்டினாங்க. "நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்" என்று அழுத்தும்போது அதுவும் சேர்ந்து ஏறும். ஒரு பிள்ளை மோசமான பக்கத்துக்குப் போகணும்னு அவசியமே இல்லை. ஒரு தடவை ஏறிட்டா, பிறகு யார் முன்னால உட்கார்ந்தாலும் ஜன்னல் திறக்கும்.

நம்ம வீட்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு?

மைக்ரோசொஃப்ட் 2004 ஓகஸ்டில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு இரண்டாவது சர்வீஸ் பேக்கை வெளியிட்டது. பொப்-அப்பைத் தடுக்கும் வசதி அதில்தான் முதன்முதலா இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்குள் வந்தது. ஆனால் நம்ம மெஷின்களில் பெரும்பாலும் ஓடினது காசு குடுத்து வாங்கின விண்டோஸ் இல்லை. அந்தக் காலத்தில் இலங்கையில் பயன்படுத்திய மென்பொருள்களில் 80 சதவீதத்துக்கு மேல் உரிமம் இல்லாதவை என்று மென்பொருள் கம்பெனிகளின் கூட்டமைப்பே வருஷா வருஷம் கணக்குச் சொன்னது. அப்டேட் போட்டால் கள்ளப் பிரதி என்று தெரிந்து திரை கறுப்பாகும். அதனால விண்டோஸ் போட்டுக் குடுக்கிறவங்களே அப்டேட்டை நிறுத்திட்டுத்தான் குடுப்பாங்க.

விளைவு என்ன? 2008 ஒக்டோபர் 23-ல் மைக்ரோசொஃப்ட் ஒரு ஓட்டையை அடைத்தது. அடுத்த மாதம் அதே ஓட்டை வழியா கொன்ஃபிக்கர் என்ற புழு கிளம்பி உலகத்தில் பல லட்சம் மெஷின்களுக்குள் புகுந்தது. அப்டேட் வாங்கினவங்க தப்பினாங்க. வாங்க முடியாதவங்க மாட்டினாங்க.

அடுத்தது பென் டிரைவ். தோட்டத்து வீட்டில் இன்டர்நெட் மெதுவா ஊர்ந்தாலும் பென் டிரைவ் வேகமா ஓடும். ஹட்டன் டியூஷன் வகுப்பு, பிரின்ட் எடுக்கிற கடை, ஃபோட்டோ ஸ்டூடியோ, நெட் கஃபே, பாமினி எழுத்துருவில் அழைப்பிதழ் அடிக்கிற இடம் என்று ஒரே பென் டிரைவ் பத்து மெஷினில் ஏறி இறங்கும். சிடியைப் போட்டதும் தானா ஓடணும்னு விண்டோஸில் வைத்த ஓட்டோரன் வசதி பென் டிரைவுக்கும் திறந்தே இருந்தது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னக் கோப்பு. செருகினதும் புழு இறங்கும். இந்த வாசலை மைக்ரோசொஃப்ட் பழைய விண்டோஸ்களில் அப்டேட் வழியா பரவலா மூடியது 2011 பெப்ரவரியில்தான். அப்டேட் நிறுத்தின வீட்டுக்கு அதுவும் போய்ச் சேரவில்லை.

மூன்றாவது மொழி. "உங்கள் கணினியில் 37 வைரஸ்கள்" என்று ஆங்கிலத்தில் பயம் காட்டும் பெட்டியும் விண்டோஸின் உண்மையான எச்சரிக்கையும் பார்க்க ஒரே மாதிரி. தமிழில் படிக்கிற பிள்ளை எதை நம்பும்? இது நமக்கு மட்டும் நடந்த ஏமாற்று இல்லை. இப்படிப் பொய் எச்சரிக்கை காட்டி பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் வைரஸ் நீக்கி விற்ற ஒரு கும்பல் மேல் 2008-ல் அமெரிக்காவில் வழக்குப் போட்டாங்க. 2012-ல் 16 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது. தோட்டத்து வீட்டில் கிரெடிட் கார்ட் இல்லாததால அவங்க கேட்ட காசு போகல. மெஷின் மட்டும் போச்சு.

நாற்பது வருஷம் சிறை?

"தானா வந்துச்சு" என்பதை நம்பாதது லயத்து அப்பா அம்மா மட்டும் இல்லை. ஒரு நீதிமன்றமே நம்பவில்லை.

2004 ஒக்டோபர். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நோர்விச் என்ற ஊர். ஜூலி அமெரோ ஒரு பதிலி ஆசிரியை. ஏழாம் வகுப்பில் இருந்த கொம்பியூட்டரில் முடி அலங்காரம் பற்றிய ஒரு பக்கம் திறந்திருந்தது. அதிலிருந்து ஆபாச ஜன்னல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்க ஆரம்பித்தன. மூட மூட வந்தன. மெஷினை ஓஃப் பண்ணக்கூடாது என்று அவருக்குச் சொல்லியிருந்தாங்க. பிள்ளைகள் பார்த்துட்டாங்க. 2007 ஜனவரியில் நான்கு குற்றச்சாட்டுகளில் அவர் குற்றவாளி என்று ஜூரி சொன்னது. அதிகபட்சம் 40 வருஷம் வரை சிறை போகக்கூடிய குற்றங்கள்.

அந்த மெஷினில் ஓடினது விண்டோஸ் 98. வைரஸ் தடுப்பு காலாவதியாகியிருந்தது. அரசு தரப்பில் மெஷினைப் பரிசோதித்தவர் அதில் உளவு மென்பொருள் இருக்கான்னு தேடவே இல்லை. செய்தி பரவினதும் உளவு மென்பொருளை நீக்குவதையே தொழிலாக வைத்திருந்த நிபுணர்கள் காசு வாங்காமல் முன்வந்து வன்தட்டின் பிரதியை ஆராய்ந்து அறிக்கை குடுத்தாங்க. 2007 ஜூனில் நீதிபதி தீர்ப்பை ரத்து செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். ஆனால் வழக்கு அதோடு முடியல. 2008 நவம்பரில் ஒரு சின்னக் குற்றத்தை ஏற்று, 100 டாலர் கட்டி, ஆசிரியர் உரிமத்தையும் விட்டுக்குடுத்துத்தான் அவர் வெளியே வந்தார்.

அவரைக் காப்பாற்றின சாட்சி அந்த மெஷினேதான். அதைப் படிக்கத் தெரிந்த ஆட்கள் இருந்தாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். நம்ம காம்பராக்களில் அப்படி ஒருத்தர் இல்லை.

துடைத்தவர்களும் அழித்தவர்களும்

படிக்கக் கற்றுக்குடுத்தவங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. 2000-ல் ஸ்டீவ் கிப்ஸன் தன் மெஷினிலேயே ஒரு விளம்பர மென்பொருள் ஒளிந்திருப்பதைக் கண்டு ஒப்ட்அவுட் என்ற நீக்கியை எழுதினார். அதே காலத்தில் ஜெர்மனியில் பட்ரிக் கோலா எழுதிய ஸ்பைபொட் இலவசமா வந்தது. மெரைன் பெல்லெகோம் என்ற நெதர்லாந்து மாணவர் ஹைஜக்திஸ் எழுதினார். அது எதையும் தானா அழிக்காது. மெஷின் ஓன் ஆகும்போது என்னென்ன தானா ஓடுது, பிரவுசரோட என்னென்ன ஒட்டியிருக்கு என்று ஒரு பட்டியல் மட்டும் தரும். எது நம்முடையது, எது அந்நியன் என்று பார்த்து நாமதான் முடிவு பண்ணணும்.

சுத்தம் செய்யும் முறையும் கஷ்டமில்லை. இன்டர்நெட்டைக் கழற்றணும். அந்தக் காலத்து விண்டோஸ்களில் எஃப்8 அழுத்தி சேஃப் மோடில் போகணும்; அப்போது அவசியமானவை மட்டும் ஓடும், ஒட்டுண்ணிகளில் பெரும்பாலானவை தூங்கும். தொடக்கப் பட்டியலில் தெரியாததை நிறுத்தணும், நீக்கியை ஓடவிடணும். பென் டிரைவில் ஃபோல்டர் எல்லாம் ஷோர்ட்கட் ஆகிட்டா கோப்புகள் அழியல, மறைச்சு வச்சிருக்கு. அட்ரிப் என்ற ஒரு கட்டளையில் திரும்ப வரும்.

ஆனால் தோட்டத்திலிருந்து டவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு பஸ் ஏறினவங்களுக்கு பெரும்பாலும் கிடைச்சது ஒரே வைத்தியம்: ஃபோமட். கடைக்காரர் அண்ணனைக் குறை சொல்ல முடியாது. ஒரு மெஷினை உட்கார்ந்து துடைக்க அரைநாள் போகும், ஃபோமட் ஒரு மணி நேரம். ஆனால் ஃபோமட்டோட அக்காவின் கல்யாணப் படங்களும் செயல்திட்டமும் போச்சு. கூடவே இன்னொன்றும் போச்சு: அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று காட்டியிருக்கக்கூடிய ஒரே ஆதாரம். மெஷின் சுத்தமா வீட்டுக்கு வந்தது, பிள்ளை மேல விழுந்த பழி அப்படியே நின்றது. அப்டேட் நிறுத்தின அதே விண்டோஸ், அதே பென் டிரைவ் என்பதால கொஞ்ச நாளில் ஜன்னலும் திரும்ப வந்தது. "பார்த்தியா, திரும்பவும்!"

இப்போ ஃபோனில்

அந்த டவர் பெட்டிகள் பழைய இரும்புக்குப் போயாச்சு. ஆனால் வசனம் போகல. இன்னைக்கு லயத்தில் தங்கச்சி கையில் இருக்கும் ஃபோனில், லொக் ஸ்கிரீன் மேலேயே விளம்பரம் ஏறும். "உங்கள் ஃபோனில் வைரஸ்" என்று அறிவிப்பு வரும். கூசுகிற படமும் வரும். வழி மட்டும்தான் மாறியிருக்கு. ஏதோ ஒரு பக்கத்தில் "அலவ்" அழுத்தியிருப்பா, இல்லாட்டி டோர்ச், கிளீனர் என்று ஒரு இலவச ஆப் ஏறியிருக்கும்.

அவ "தானா வந்துச்சு" என்று சொன்னா ஃபோனைப் பிடுங்காதீங்க. பக்கத்தில் உட்காருங்க. குரோம் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் அனுமதி வாங்கியிருக்கும் தளங்களின் பட்டியலைத் திறந்து, தெரியாததை எல்லாம் நிறுத்துங்க. தொந்தரவு தொடங்கின நாளில் ஏறின ஆப் எது என்று பார்த்து நீக்குங்க. நீக்க விடாட்டி அதுக்கு டிவைஸ் அட்மின், அக்ஸஸிபிலிட்டி அனுமதி இருக்கான்னு பார்த்து முதலில் அதைப் பறிங்க. அப்டேட்டை நிறுத்தி வைக்காதீங்க.

முக்கியமா, இதை நீங்க தனியா செய்து முடிச்சுட்டு ஃபோனைத் திருப்பிக் குடுக்காதீங்க. பட்டியலை அவளையே திறக்கச் சொல்லுங்க, எது தன்னுடையது இல்லைன்னு அவளே கண்டுபிடிக்கட்டும். அம்மாவையும் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைங்க. அது எங்கிருந்து வந்துச்சுன்னு அம்மாவும் ஒரு தடவை கண்ணால பார்க்கட்டும்.