விளம்பரப் பட்டியலில் ஒரு மொழி

வலைப்பதிவு எழுதிப் பொருளீட்டுவது பற்றி இந்தியாவில் யார் பேசினாலும் ஆக்ராவிலிருந்து தொடங்குவார்கள். மென்பொருள் வேலையை விட்டு ஆக்ராவில் அமர்ந்து, 2004இல் 'டிஜிட்டல் இன்ஸ்பிரேஷன்' என்னும் வலைப்பதிவைத் தொடங்கிய அமித் அகர்வால் நாட்டின் முதல் முழுநேர வலைப்பதிவராக அறியப்படுகிறார். கணினிப் பயன்பாட்டுக் குறிப்புகளை எளிய ஆங்கிலத்தில் எழுதினார். அந்த எழுத்தையே பிழைப்பாக்கிக் கொண்டார். இதைச் சொல்வோர் அவருடைய உழைப்பையும் துணிவையும் சிறப்பிப்பார்கள். அதில் பிழையில்லை. ஆனால் ஆக்ரா இந்தி பேசும் நகரம். அதே ஆண்டில், அதே நகரத்தில், அதே உழைப்போடு ஒருவர் இந்தியில் எழுதத் தொடங்கியிருந்தால், கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரத் திட்டம் அவர் மொழியை முறையாக ஏற்பதற்கு எத்தனை காலம் காத்திருந்திருப்பார்? பத்தாண்டுகள். இந்தி அந்தத் திட்டத்தின் மொழிப் பட்டியலில் சேர்ந்தது 2014 டிசம்பரில்தான்.

இந்தியில் எழுத ஆளில்லாமையால் நேர்ந்த தாமதமன்று இது. இந்தியின் முதல் வலைப்பதிவாகக் கருதப்படும் 'நௌ தோ க்யாரஹ்' 2003 ஏப்ரலிலேயே தோன்றிவிட்டது. வலைப்பதிவுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் 'சிட்டா'. தமிழக வாசகர்களுக்கு இச்சொல் அந்நியமானதன்று; நம் வருவாய்த்துறை ஆவணமான சிட்டாவும் அதே சொல்தான். வடக்கே வணிகர்களின் கணக்கேட்டுக்கும் அப்பெயர் உண்டு. ஒரு காசும் ஈட்டித்தராத எழுத்துக்குக் கணக்கேட்டின் பெயர் வாய்த்ததை மொழியியல் மாணவனாக நான் ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

அதே 2003 ஏப்ரலில் கூகுள் நிறுவனம் 'அப்ளைடு செமாண்டிக்ஸ்' என்னும் சிறு நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. ஆட்சென்ஸின் வேர்களுள் ஒன்று அங்கே இருக்கிறது. அந்நிறுவனத்தின் மூலதனம் சொற்பொருள் வலையமைப்பு ஒன்று. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஆங்கில வேர்ட்நெட்டைச் சார்ந்து வளர்ந்தது. ஒரு பக்கத்தின் சொற்களைப் படித்து, அது எதைப் பற்றியது என ஊகித்து, பொருத்தமான விளம்பரத்தை அருகில் வைப்பதே அதன் வேலை. அதாவது நாம் வகுப்பறையில் சொற்பொருளியல் என்று படிப்பது அங்கே ஏலத்துக்கு வந்தது. இந்தியில் 'சோனா' என்றால் தங்கம், உறங்குதலும் அதுவே. தூக்கமின்மை பற்றிய கட்டுரைக்குப் பக்கத்தில் நகைக்கடை விளம்பரம் வந்தால் கடைக்காரரின் பணம் வீண். ஆகவே ஒரு மொழியை 'ஆதரிப்பது' என்றால் எழுத்துருவைத் திரையில் காட்டுவது மட்டுமன்று. சொல்லைப் பகுக்க வேண்டும், பொருளைப் பிரித்தறிய வேண்டும், விதிமீறலைப் படித்துப் பார்க்க ஆள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மொழியின் சொற்களுக்கு விலை சொல்ல விளம்பரதாரர் வேண்டும்.

முதல் மூன்றும் தொழில்நுட்பச் சிக்கல்கள். 'க்ருதி தேவ்' போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டெழுதிய இந்தி, இயந்திரத்தின் கண்ணுக்குப் பொருளற்ற ரோமன் எழுத்துக் குவியலாகவே தெரிந்தது. தமிழில் தாம், தாப், திஸ்கி என்று நாம் பட்ட பாடும் அதுவே. ஆயினும் யூனிகோடு பரவியபின் அந்தச் சாக்கு செல்லாது. ஐஐடி பம்பாயில் உருவான இந்தி வேர்ட்நெட் 2014க்கு நெடுநாள் முன்பே ஆய்வாளர்களின் கைக்கு வந்துவிட்டது. எஞ்சியது நான்காவது. இந்திச் சொல்லுக்கு விலை கேட்பவர் போதுமான அளவில் இல்லை என்பதே, என் கணிப்பில், காத்திருப்பின் உண்மையான காரணம்.

இதற்கு நம் இதழியல் வரலாற்றிலேயே ஒரு முன்னோடி உண்டு. 1780 ஜனவரியில் கல்கத்தாவில் ஹிக்கி தொடங்கிய ஆங்கில இதழ், தன் பெயரிலேயே 'அட்வர்டைசர்' என்ற சொல்லைத் தாங்கியிருந்தது. அதே நகரில் 1826 மே 30 அன்று ஜுகல் கிஷோர் சுக்லா முதல் இந்தி வார இதழான 'உதந்த் மார்த்தாண்ட்'டை வெளியிட்டார். கல்கத்தாவில் இந்தி வாசகர் மிகச் சிலரே. பெரும்பாலோர் நெடுந்தொலைவில் வடமேற்கே இருந்தனர். அவர்களுக்கு இதழை அனுப்ப அஞ்சல் கட்டணச் சலுகை கேட்டார், அரசு தரவில்லை. 1827 டிசம்பர் 4 அன்று இதழ் நின்றது. வாசகரும் இருந்தார், எழுதுபவரும் இருந்தார். இருவருக்கும் இடையிலிருந்த வழிக்குச் சொந்தக்காரர் அந்த மொழியைக் கணக்கில் கொள்ளவில்லை. அன்று அஞ்சல் துறை, இன்று விளம்பர ஏலம். ஒப்புமையை மிகைப்படுத்தக் கூடாதுதான்: சுக்லா மறுப்பது யார் என்று அறிந்து விண்ணப்பிக்க முடிந்தது. வலைப்பதிவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

2014க்குப் பின் கதவு ஒவ்வொன்றாகத் திறந்தது. வங்காளம் 2017இல், தமிழ் 2018 பிப்ரவரியில். கேபிஎம்ஜியும் கூகுளும் 2017இல் வெளியிட்ட அறிக்கை, 2016இலேயே இந்திய மொழிகளில் இணையம் பயன்படுத்துவோர் 23.4 கோடி, ஆங்கிலத்தில் 17.5 கோடி என்று கணக்கிட்டது. வாசகர் பெரும்பான்மை ஆனபிறகே மொழி பட்டியலேறியது. ஆனால் அதற்குள் முதல் தலைமுறை கலைந்துவிட்டது. இந்திப் பதிவுகளைத் திரட்டிய நாரத், பிளாக்வாணி, சிட்டாஜகத் ஆகியவை தன்னார்வலர்களின் நேரத்திலும் கைக்காசிலும் ஓடியவை. 2014க்கு முன்பே ஓய்ந்துபோயின. தமிழிலும் 2018இல் அனுமதி வந்தபோது வலைப்பதிவர்களில் பலர் முகநூலுக்குக் குடிபெயர்ந்திருந்தனர், நான் இப்போது எழுதிக்கொண்டிருப்பதைப் போலவே. புதிய வருவாயை அறுவடை செய்தவை பெரும்பாலும் தேர்வுக் குறிப்புகள், அரசுத் திட்ட விளக்கங்கள், கடன், காப்பீடு, கைப்பேசி பற்றிய பக்கங்கள். ஏலத்தில் விலைபோகும் சொற்கள் அவை.

இந்த ஆய்வுக்குள் என்னை இழுத்துவந்தவர் விடுதியில் என் பக்கத்து அறையில் இருந்த தர்பங்காக்காரர். இரண்டு வலைப்பதிவுகள் வைத்திருந்தார். ஒன்றில் இந்தியில் போட்டித் தேர்வுக் குறிப்புகள்; மற்றொன்றில் மைதிலியில் ஊர்க்கதைகள். ஆட்சென்ஸில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். இந்திப் பக்கம் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அந்தக் கோட்டைத் தொடும். மைதிலிப் பக்கத்தில் அவர் விளம்பரம் வைக்கவே இல்லை. "வைத்திருந்தால் இந்தி என்று எண்ணிக் காசு வந்தாலும் வந்திருக்கும், அந்தக் காசு எனக்கு வேண்டாம்" என்றார்.

அவர் சொன்னதன் ஆழம் எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. மைதிலி இன்று பெரும்பாலும் தேவநாகரியில் எழுதப்படுகிறது. 2003ஆம் ஆண்டின் 92ஆம் அரசியலமைப்புத் திருத்தம் போடோ, டோக்ரி, சந்தாலி ஆகியவற்றோடு மைதிலியையும் எட்டாம் அட்டவணையில் சேர்த்தது. அதனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மைதிலி 1.36 கோடிப் பேரின் தனி மொழி. அட்டவணையில் இடம்பெறாத போஜ்புரியின் 5 கோடிப் பேரோ இந்திக்குள் எண்ணப்பட்டார்கள். ஆட்சென்ஸின் பட்டியலோ எட்டாம் அட்டவணையைப் பின்பற்றுவதில்லை. மைதிலிக்கு அதில் இடமில்லை. ஓல் சிக்கி என்னும் தனி எழுத்தும் 73 லட்சம் பேசுநரும் கொண்ட சந்தாலிக்கும் இல்லை. எழுத்து தனித்திருந்தால் பட்டியலுக்கு வெளியே நிற்க வேண்டும். எழுத்தைப் பகிர்ந்துகொண்டால் இந்தியாக எண்ணப்பட்டு உள்ளே நுழையலாம். இதுவும் மொழிக்கொள்கைதான். நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்படாததால் நம் துறைப் பாடத்திட்டத்தில் அது இல்லை.

இந்த வரலாற்றுக்கான சான்றுகள் வேகமாக மறைந்துவருகின்றன. திரட்டிகளின் பக்கங்கள் போய்விட்டன. பழைய வருவாய்க் கணக்குகள் மூடப்பட்ட மின்னஞ்சல்களுக்குள் கிடக்கின்றன. 2003க்கும் 2018க்கும் இடையில் ஏதேனும் ஓர் இந்திய மொழியில் வலைப்பதிவு நடத்தியவர்கள் உங்கள் துறையிலோ வீட்டிலோ இருந்தால், அவர்களுக்கு வந்த காசோலை உறை, மறுப்புக் கடிதம், மாதக் கணக்கு எதுவாயினும் ஒரு படியெடுத்து வைக்கச் சொல்லுங்கள். எனக்குக் காட்ட விரும்பினால் உள்பெட்டியில் எழுதலாம். தொகை தெரிய வேண்டியதில்லை, தேதியும் மொழியும் போதும்.