அரசர் கேட்ட உளூக் கருவி

சென்ற மாதம் நமது மதரஸாவின் மேல்வகுப்பு மாணவர்களிடம், உளூவில் நிய்யத்தின் இடம் என்ன என்று வீட்டிலிருந்து எழுதிவரச் சொல்லியிருந்தோம். வந்து சேர்ந்த குறிப்பேடுகளில் நான்கு, சொல்லுக்குச் சொல் ஒன்றாகவே இருந்தன. கைப்பேசியிலுள்ள செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதித் தந்த பதில் அது. உளூவில் நிய்யத் ஃபர்ளு என்று அதில் கண்டிருந்தது. ஷாஃபிஈ மத்ஹபின்படி அது சரியே. ஆனால் அந்நால்வரில் இருவர் ஹனஃபி குடும்பத்துப் பிள்ளைகள். அவர்கள் மத்ஹபில் அது சுன்னத். "உங்கள் வீட்டில் எந்த மத்ஹப் என்று சொல்லியா கேட்டீர்கள்?" என்று நாம் வினவியபோது ஒரு பிள்ளை, "அது என்னிடம் கேட்கவில்லையே உஸ்தாத்" என்றான்.

அவனைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை. உளூவையும் இயந்திரத்தையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் சிந்தித்திருக்கிறார் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. அவரைப் பற்றி நம் பிள்ளைகள் அறிந்துகொள்வது நல்லது.

இன்றைய துருக்கியின் தியார்பகிர் நகரம் அந்நாளில் ஆமித் என்று வழங்கப்பட்டது. அங்கு ஆண்ட அர்துகிய அரசர்களிடம் பணிபுரிந்தவர் இஸ்மாயீல் அல்ஜஸரி. கால் நூற்றாண்டு காலப் பணிக்குப் பிறகு, அரசர் நாஸிருத்தீன் மஹ்மூதின் கட்டளையை ஏற்று, தாம் உருவாக்கிய கருவிகளைப் பற்றி ஒரு நூல் எழுதி ஹிஜ்ரி 602-ல், அதாவது கி.பி. 1206-ல் முடித்தார். ஐம்பது கருவிகள் அதில் படங்களுடன் விளக்கப்பட்டுள்ளன. நீர்க்கடிகாரங்கள், நீரிறைக்கும் பொறிகள், யானை மீது அமைந்த கடிகாரம் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. இக்கலைக்கு அரபியில் வழங்கிய பெயர் 'ஹியல்'. நம் ஃபிக்ஹு வகுப்பில் 'ஹீலா' என்றால் சட்டத்தின் பிடியிலிருந்து நழுவ ஒருவர் கையாளும் தந்திரம்; அதன் பன்மையே இந்த ஹியல். இயந்திரத்துக்கு இப்படியொரு பெயர் வைத்தவர்கள் ஏதோ அறிந்துதான் வைத்தார்கள் போலும்.

அவருக்கு முன்னூறு ஆண்டுகளுக்கும் மேல் முற்பட்ட பக்தாதில், பனூ மூஸா எனப்படும் மூன்று சகோதரர்கள் ஏறத்தாழ நூறு கருவிகளை விவரித்து நூல் எழுதியிருந்தனர். முன்னோரின் நூல்களையெல்லாம் கற்ற அல்ஜஸரி, ஏட்டில் இருப்பதைச் செய்து பார்க்காமல் நம்பவில்லை. அறிவையும் பயன்தரும் செயலையும் ஒன்றுசேர்க்கும் தொகுப்பு என்னும் பொருள்படவே தம் நூலுக்கும் பெயரிட்டார்.

அந்நூலில் ஒரு செய்தி. தாம் உளூச் செய்யும்போது பணியாளரோ அடிமைப் பெண்ணோ கைகளில் நீர் ஊற்றுவதை அரசர் விரும்பவில்லையாம். ஆகவே நீர் ஊற்றுவதற்கு ஒரு கருவி செய்துதருமாறு அல்ஜஸரியிடம் கேட்டார். மார்க்கக் கல்வி கற்பவர்களுக்கு இதைப் படித்தவுடன் ஒரு மஸ்அலா நினைவுக்கு வரும். தபூக் பயணத்தில் முகீரா இப்னு ஷுஅபா (ரழி) அவர்கள் நீர் ஊற்ற, நபி (ஸல்) அவர்கள் உளூச் செய்தார்கள். எனவே அது கூடும். எனினும், தேவையின்றி அவ்வுதவியைக் கேட்காதிருப்பதே மேல் என்பர் ஃபுகஹாக்கள். அரசர் விரும்பியதும் அதையொட்டியே இருக்கிறது. அல்ஜஸரி செய்து கொடுத்தது, கெண்டி ஏந்திய பணியாளன் உருவம்.

கை கழுவுவதற்காக அவர் அமைத்த மயில் இன்னும் வியப்பானது. வாலிலுள்ள அடைப்பைத் திறந்தால் அலகிலிருந்து நீர் வழியும். கழுவிய நீர் அடியிலுள்ள தொட்டியில் சேரச் சேர, அதில் மிதக்கும் மிதவை உயரும். அது உயர்ந்ததும் சிறு கதவு திறந்து, ஒரு பொம்மை வந்து கைகழுவும் தூளை நீட்டும். நீர் மேலும் ஏறினால் இரண்டாவது மிதவை தூண்ட, வேறொரு பொம்மை துண்டுடன் வரும். உள்ளே மின்சாரமும் இல்லை, அறிவும் இல்லை. நீரின் எடை மட்டுமே. ஆனால் எதிரில் நிற்பவருக்கோ, தம் தேவையை அறிந்து யாரோ பணிசெய்வது போலவே தோன்றியிருக்கும்.

இந்தத் தோற்றம்தான் பின்னாளில் சிக்கலாயிற்று. 1966-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் ஜோசப் வைசன்பாம் என்பவர் 'எலிசா' என்னும் கணினி நிரலை வெளியிட்டார். சிறுவயதில் நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறிய யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். நாம் தட்டச்சு செய்வதையே சற்று மாற்றிக் கேள்வியாகத் திருப்பித் தருவதன்றி எலிசாவுக்கு வேறொன்றும் தெரியாது. அதை அவர் உருவாக்கிவந்ததை அருகிலிருந்து பார்த்த அவருடைய செயலரே, சிறிதுநேரம் அதனுடன் உரையாடியபின், தனியாகப் பேச வேண்டும், அறையை விட்டு வெளியே செல்லுங்கள் என்று அவரைக் கேட்டுக்கொண்டார். வைசன்பாம் திடுக்கிட்டார். 1976-ல் ஒரு நூலே எழுதினார். கணக்கிட்டு முடிவு காண்பது வேறு, மனிதன் தேர்ந்தெடுப்பது வேறு என்பதே அதன் சாரம். நமக்கு இது புதிய பேச்சன்று. நிய்யத்தின் இடம் உள்ளம் என்று முதல் வகுப்பிலேயே ஓதிக்கொடுக்கிறோம்.

விற்பதற்காக அல்லாமல், இப்படியொரு பொருள் வந்தால் நம் வாழ்வு என்னவாகும் என்று எண்ணிப் பார்ப்பதற்காகவே பொருள்களை வடிவமைக்கும் ஒரு துறை இன்று உண்டு. அத்துறையில் பெயர்பெற்ற அந்தோணி டன், ஃபியோனா ராபி இருவரும் 2007-ல் நான்கு ரோபோக்களைப் படைத்தனர். அவற்றில் ஒன்று நம் தகவல்களைக் காத்துவைக்கும். அவற்றைத் திரும்பப் பெற வேண்டுமானால், நாம்தான் என்று அது நிச்சயிக்கும்வரை நெடுநேரம் அதன் கண்களை உற்றுநோக்கி நிற்க வேண்டும். இன்னொன்று மிகுந்த அறிவுடையது, ஆனால் தானாக நகர இயலாது. உரிமையாளர்தான் தூக்கிச் செல்ல வேண்டும். யார் எஜமானர், யார் பணியாளர் என்ற கேள்வியைப் பார்ப்பவரிடமே விட்டுவிட்டார்கள். ஆமித் அரண்மனையில் அந்தக் கேள்வியே எழவில்லை. கருவி நீரை ஊற்றியது. முகம் கழுவியதும் நிய்யத் வைத்ததும் அரசர்தாம்.

அந்த நான்கு குறிப்பேடுகளையும் திருப்பிக் கொடுத்து, வீட்டுப் பெரியவர் ஒருவர் எப்படி உளூச் செய்கிறார், அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் யார் என்று கேட்டு எழுதிவரச் சொன்னோம். மறுவாரம், முன்பு பதில் சொன்ன அதே பிள்ளை அரைப்பக்கம் எழுதிவந்தான். அவன் நன்னிக்கு அவருடைய அத்தா கிணற்றடியில் வைத்துச் சொல்லிக்கொடுத்தாராம். இரண்டு எழுத்துப்பிழைகள் இருந்தன. திருத்தாமல் கையெழுத்திட்டுக் கொடுத்தோம்.